அந்தச் சின்னப் பெண்ணால் முடியுமா?

'மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது' என்பார்கள். இதைக் கட்டுரை நோட்டில் பலமுறை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தாம் நாங்கள். ஆனால் எழுதியதை நாங்கள் உண்மையிலேயே நம்புகிறோமா என்ற சோதனை, இந்த ஆண்டு கூடைப்பந்துத் திடலில்தான் எங்களுக்கு வந்தது.

எங்கள் அணித் தலைவி எங்கள் வகுப்புத் தோழியே. அவள் ஆடும் இடத்திற்குப் 'பாயிண்ட் கார்டு' என்று பெயர். இந்த ஆட்டத்தை அறியாத பெற்றோருக்காகச் சிறிது விளக்குகிறோம். பந்து கைக்கு வந்ததும் 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அதற்குள் எதிரணியின் கைகளுக்குத் தப்பி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, உரியவருக்குப் பந்தைக் கொடுப்பவளே பாயிண்ட் கார்டு. பந்தியில் எல்லாருடைய இலையையும் கவனித்துவிட்டுத் தான் கடைசியில் சாப்பிடும் அம்மாவைப் போன்றவள். அவள் களைத்துப் போனாலோ, 5 தவறுகள் செய்து வெளியேறினாலோ, அந்த இடத்திற்கு இன்னொருத்தி தயாராக இருக்க வேண்டும் அல்லவா?

அந்த இன்னொருத்தியாக எங்கள் விளையாட்டு ஆசிரியை தேர்ந்தெடுத்தது ஓர் எட்டாம் வகுப்புச் சிறுமியை! எங்கள் தோளுயரம்கூட இல்லை. வலக்கையால் நன்றாகப் பந்து தட்டுவாள். இடக்கைக்கு மாற்றினால் தடுமாறுவாள். கண்கள் எப்போதும் பந்தின் மேலேயே இருக்கும். குரலோ, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. "இவளா? இவளால் முடியுமா?" என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

ஜூலையில் வேறொரு பள்ளியுடன் பயிற்சி ஆட்டம். மூன்றாம் கால் பகுதி முழுவதும் தலைவிக்கு ஓய்வு கொடுத்து அவளை இறக்கினார் ஆசிரியை. அந்தப் பத்து நிமிடத்திலேயே நாங்கள் பின்தங்கினோம், ஆட்டத்தையும் தோற்றோம். திரும்பும் வழியில் பஸ்ஸில், "டீச்சர், நாங்கள் அப்போதே நினைத்தோம்" என்று ஆரம்பித்தோம். அவளோ முன் இருக்கையில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

ஆசிரியை தம் குறிப்பு நோட்டைத் திறந்தார். "அந்தப் பத்து நிமிடத்தில் அவள் கைக்கு எத்தனை முறை பந்து கொடுத்தீர்கள் தெரியுமா? நான்கு முறை. அவள் பந்தை இழந்தது ஒரு முறை. அவளுக்குக் கொடுக்காமல் நீங்களே கொண்டுபோய் இழந்தது ஆறு முறை. கிணற்றை மூடி வைத்துக்கொண்டு, இவளுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்கிறீர்களே!"

எங்களுக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாள் அவர் எங்களுக்கு ஜெரிமி லின் என்ற அமெரிக்க வீரரின் கதையைச் சொன்னார். 2011 டிசம்பரில் அடுத்தடுத்து இரண்டு அணிகள் அவரை வேண்டாம் என்று விடுவித்தன. பிறகு நியூயார்க் நிக்ஸ் அணியில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 2012 பிப்ரவரி 4 அன்று அவரை இறக்கினார்கள். 25 புள்ளிகள் எடுத்து அணியை வெற்றி பெறச் செய்தார். "திறமை அன்று காலையிலா முளைத்தது? இல்லை. அன்றுதான் வாய்ப்பு வந்தது. ஆனால் இவள் 25 புள்ளி எடுக்க வேண்டாம். பந்தை இழக்காமல் உங்களிடம் சேர்த்தால் போதும். மாற்று ஆட்டக்காரியின் வேலை அதுதான்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் எங்களில் இருவர் அவளை மறித்து நிற்போம்; அவள் இடக்கையால் மட்டும் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். இடக்கை மெல்ல மெல்லப் பழகியது. குரல்தான் எழும்பவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்கக்கா" என்று மரியாதையாகக் கூப்பிட்டு முடிப்பதற்குள் 8 விநாடி ஓடிவிடும்! பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னோம். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கடைசியில் எங்கள் சட்டை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று. முதல் நாள் "ஏழு" என்று கூப்பிட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குறுவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் வந்தது. நான்கு நிமிடங்கள் இருக்கையில், நாங்கள் மூன்று புள்ளிகள் முன்னே இருந்தபோது, எங்கள் தலைவி ஐந்தாவது தவறு செய்து வெளியேறினாள். எங்கள் நெஞ்சு படபடத்தது. அவள் ஓடி வந்தாள். எதிரணியில் இருவர் அவளை நெருக்கினார்கள். முதல் முறையே பந்து பறிபோனது; எதிரணி இரண்டு புள்ளி எடுத்தது. பழைய வழக்கம் எங்களை இழுத்தது. ஆனாலும் அடுத்த பந்தை அவளிடமே கொடுத்தோம். இடக்கைக்கு மாற்றினாள், கோட்டைத் தாண்டினாள். "ஒன்பது!" என்ற குரல் திடல் முழுவதும் கேட்டது. பந்து கூடையில் விழுந்தது.

ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றோம். அந்த நான்கு நிமிடத்தில் அவள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. பந்தை இழந்ததும் அந்த ஒரு முறைதான். மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

வென்ற அன்று எல்லாரும் அவளைத் தூக்கிக் கொண்டாடியபோது, அவள் எங்களிடம் மெல்லிய குரலில், "அக்கா, சத்தம் போட்டுக் கூப்பிட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள் அல்லவா? கேட்டோம்.

அரசுப் பொதுத் தேர்வு முடிந்ததும் பத்தாம் வகுப்பினராகிய நாங்கள் அணியை விட்டு விலகுவோம். அடுத்த ஆண்டு அவளே முதல் பாயிண்ட் கார்டு. அவளுக்குப் பின்னால் பெஞ்சில் இன்னொரு சின்னத் தங்கை உட்கார்ந்திருப்பாள். தங்கைகளே, "அவளால் முடியுமா?" என்று கேட்கும் முன், அவள் கைக்குப் பந்தைக் கொடுத்தீர்களா என்று எண்ணிப் பாருங்கள்!