வளைகாப்புக்கு முந்திய ஸ்கேன்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அடுத்த தெருவில் ஒரு ஸ்கேன் மையம். காலை ஒன்பது மணிக்கே பெஞ்சுகள் நிரம்பிவிட்டன. 'கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம்' என்ற பலகையின் கீழே தண்ணீர் பாட்டிலும் கையுமாகக் கர்ப்பிணிகள். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மாமியாரோடு வந்திருந்தாள். சம்மதம் கேட்டு நானும் அவர்களோடு உள்ளே போனேன்.

"ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு எடுத்துக்கலாம்னுதான் இருந்தோம். நர்ஸம்மாதான் இப்பவே போகச் சொன்னாங்க" என்றார் மாமியார்.

"நல்லவேளை வந்தீங்கம்மா" என்ற மருத்துவர், திரையில் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றார். முத்துக் கோத்ததுபோல் முதுகெலும்பு. "இந்த வரிசை எங்கேயும் விரியக் கூடாது. மேல தோல் மூடியிருக்கணும்."

கரு உண்டான முதல் 28 நாளுக்குள் மூட வேண்டிய தண்டுவடம் சில குழந்தைகளுக்குத் திறந்தே நின்றுவிடுகிறது. பனிக்குட நீர் பட்டுப்பட்டு நரம்புகள் சிதைகின்றன. பின்மூளை கீழே இறங்கி, தலையில் நீர் கோக்கிறது. பிறந்த பிறகு முதுகைத் தைத்தாலும் சிதைந்த நரம்பு திரும்புவதில்லை. அதனால்தான் கருப்பையைத் திறந்து, குழந்தையின் முதுகை மூடி, மறுபடி கருப்பையைத் தைத்துவிடுகிறார்கள். குழந்தை உள்ளேயே வளர்கிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிறந்தபின் தைத்த குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்குத் தலைநீரை வடிக்கக் குழாய் தேவைப்பட்டது. கருவிலேயே தைத்தவர்களில் 40 சதவீதம்தான். தாய்க்கு இது லேசான காரியமல்ல. குறைப்பிரசவ அபாயம் உண்டு. அடுத்த பிரசவங்களும் சிசேரியன்தான். ஆனாலும் அந்தக் குழந்தை நடப்பதற்கு ஒரு வழி இருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் நாட்டிலும் கருவிலேயே சிகிச்சை நடக்கிறது. 2023 மார்ச்சில் தில்லி எய்ம்ஸில், தாயின் வயிறு வழியே ஊசி செலுத்தி, திராட்சை அளவு இதயத்தின் அடைபட்ட வால்வைப் பலூனால் விரித்தார்கள். 90 நொடியில் முடிந்தது.

அந்த முதுகு அறுவைக்குக் கெடு 26ஆம் வாரம். வளைகாப்பு நடக்கும் ஏழாம் மாதத்தில் அது கடந்திருக்கும்.

"குழந்தை நல்லாருக்கும்மா" என்றார் மருத்துவர். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அன்று 19ஆம் வாரம்.

உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், 18 முதல் 20 வாரத்துக்குள் இந்த ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். தண்டுவடம் மூடாமல் போகும் வாய்ப்பைக் குறைக்க, பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைக் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கச் சொல்லுங்கள்.