பணக்காரர் கட்டிய பொதுக்கோயில்

எல்லோருக்கும் இடம் உண்டு என்று சொல்லித் தொடங்கியது நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயம். அந்தச் சொல்லைக் காப்பாற்ற அது பலமுறை தன்னுடனேயே மோதியிருக்கிறது.

நியூயார்க்கின் 1ஆம் எண் சுரங்க ரயில் 125ஆவது தெருவை நெருங்கும்போது பூமியிலிருந்து வெளிப்பட்டு, உயரமான இரும்புப் பாலத்தின் மீது நிற்கிறது. கிழக்கே ஹார்லெம், அமெரிக்கக் கறுப்பின மக்களின் கலைக்கும் அரசியலுக்கும் தலைநகரமாக இருந்த பகுதி. மேற்கே ஹட்சன் நதி. தெற்கே மேட்டின் மீது 392 அடி உயரத்தில் ஒரு கோபுரம். பார்த்தால் ஐரோப்பாவின் பழைய கதீட்ரல் போலத் தெரியும். பிரான்சின் ஷார்த்ரு கதீட்ரலை முன்மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டதுதான். ஆனால் வயது நூறுகூட ஆகவில்லை. கோதிக் அலங்காரத்துக்கு உள்ளே இருப்பது எஃகுச் சட்டம். கோபுரத்தில் மணிகளுக்குக் கீழே அலுவலகங்களும் வகுப்பறைகளும் இயங்குகின்றன.

மேற்கு வாசலின் வளைவுகளில் வழக்கமான புனிதர்களை மட்டும் தேடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே டார்வின் இருக்கிறார், எமர்சன் இருக்கிறார், ஐன்ஸ்டீனும் இருக்கிறார். சிலை செதுக்கப்பட்டபோது ஐன்ஸ்டீன் உயிரோடிருந்தார். 1930இல் நியூயார்க் வந்தபோது நேரில் வந்து பார்த்துவிட்டும் போனார். டார்வினின் பெயரைச் சொன்னாலே பல அமெரிக்கச் சபைகள் கொதித்த காலம் அது.

இந்த வாசலுக்குப் பின்னால் இருப்பது ஒரு பிரசங்கத்தின் கதை. ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக் பாப்டிஸ்ட் போதகர். ஆனால் பணியாற்றியது நியூயார்க்கின் பிரஸ்பிட்டேரியன் சபை ஒன்றில். 1922 மே மாதம் அவர் அங்கே ஒரு கேள்வியை எழுப்பினார். வேதாகமத்தின் ஒவ்வொரு எழுத்தையும் அப்படியே நம்பாதவர்களுக்குத் திருச்சபையில் இடமில்லையா? இடம் உண்டு என்பது அவர் பதில். பிரசங்கம் அச்சாகி நாடெங்கும் பரவியது. அதற்குப் பண உதவி செய்தவர் எண்ணெய்க் கோடீஸ்வரரின் மகன் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். பழமைவாதிகள் விடவில்லை. ஃபாஸ்டிக் அந்தப் பிரசங்க பீடத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று.

ராக்ஃபெல்லர் அவரைத் தனது பார்க் அவென்யூ பாப்டிஸ்ட் சபைக்கு அழைத்தார். நாட்டின் மிகப் பெரிய பணக்காரரின் போதகர் என்ற பெயர் வருமே என்று ஃபாஸ்டிக் தயங்கினார். உங்கள் இறையியலுக்காக என்னைத் திட்டப்போகிறவர்கள் அதைவிடக் குறைவா என்ற பொருளில் கேட்டாராம் ராக்ஃபெல்லர். ஃபாஸ்டிக் நிபந்தனைகள் விதித்தார்: முழுக்கு ஞானஸ்நானம் கட்டாயம் இல்லை, எந்த கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவரும் உறுப்பினராகலாம், பெரிய ஆலயம் ஒன்றை வேறிடத்தில் கட்ட வேண்டும். எல்லாம் ஏற்கப்பட்டன. 1930 அக்டோபரில் ரிவர்சைடில் முதல் ஆராதனை நடந்தது. கோபுரத்தின் மணித்தொகுதி ராக்ஃபெல்லரின் தாயார் நினைவாக வைக்கப்பட்டது. இன்று அதில் 74 மணிகள். பெரிய மணி மட்டும் 18 டன்னுக்கு மேல்.

கதவு திறந்தது; எல்லோருக்கும் மனம் நிறைந்துவிடவில்லை. எதிரே இருக்கும் யூனியன் இறையியல் கல்லூரிக்கு 1930இல் படிக்க வந்த ஜெர்மானிய இளைஞர் டீட்ரிக் போன்ஹோஃபருக்கு, வெள்ளையர் சபைகளில் கேட்ட பிரசங்கங்கள் சாரமற்றவையாகப் பட்டன. ஹார்லெமின் அபிசீனியன் பாப்டிஸ்ட் சபையில்தான் அவர் மனம் ஒட்டியது. 1939இல் மறுபடி வந்து ரிவர்சைடில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போனவர், பொறுக்கவே முடியவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். சில வாரங்களில் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1945இல் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள். எல்லோருக்கும் இடம் தரும் சபை, யாருக்கும் உறைக்காத சபையாகிவிடலாம் என்ற எச்சரிக்கை அந்த நாட்குறிப்பில் இருந்தது.

உறைக்கிற நாள் 1967 ஏப்ரல் 4. அன்று மாலை இந்தப் பிரசங்க பீடத்தில் நின்றவர் மார்ட்டின் லூதர் கிங். கூடியிருந்தவர்கள் 3,000க்கும் மேல். வியட்நாம் போரை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். ஏழைகளுக்குப் போக வேண்டிய பணம் போருக்குப் போகிறது என்றார். உலகில் அதிகமாக வன்முறையைப் பரப்புவது தன் அரசே என்றார். பெரிய நாளேடுகள் அவரைச் சாடின. கறுப்பின உரிமைத் தலைவர்களில் சிலரே முகம் சுளித்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 4இல், மெம்ஃபிஸில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அடுத்த கேள்வி சபையின் மடியிலேயே வந்து விழுந்தது. 1969 மே 4, ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை நடுவில் ஜேம்ஸ் ஃபோர்மன் என்ற கறுப்பின உரிமைப் போராளி முன்னே நடந்து வந்து, அடிமைமுறைக்கு இழப்பீடாக வெள்ளையர் தேவாலயங்களும் யூத ஆலயங்களும் 50 கோடி டாலர் தர வேண்டும் என்ற அறிக்கையைப் படித்தார். தலைமைப் போதகர் எர்னஸ்ட் கேம்ப்பெல் வெளியேறினார். சபையோரில் பலரும் அவர் பின்னால் போனார்கள். ஆனால் அதற்கடுத்த நாட்களில் கேம்ப்பெல் வானொலியில் பேசியபோது, கேட்ட முறையை அல்ல, கேட்டதன் நியாயத்தைப் பற்றிப் பேசினார். சமூக நீதிக்கென்று சபை ஒரு நிதியை ஏற்படுத்தியது. கேட்ட தொகை வரவில்லை. கேள்வி மட்டும் போகவில்லை.

1985இல் மோதல் பிரசங்க பீடத்திலிருந்தே தொடங்கியது. மே மாதத்தில் சபையின் போதகர் ஒருவரே தன்பால் உறவைக் கண்டித்துப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அடுத்த மாதமே தன்பால் ஈர்ப்புள்ளவர்களைச் சபையின் முழு வாழ்விலும் ஏற்பதாக உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றினார்கள். அமெரிக்கச் சபைகளில் பெரும்பாலானவை அந்தப் பேச்சையே எடுக்க அஞ்சிய ஆண்டு அது.

தலைமையின் நிறமும் மெதுவாகத்தான் மாறியது. ஹார்லெமின் வாசலில் நிற்கும் இந்தச் சபைக்கு முதல் கறுப்பினத் தலைமைப் போதகராக ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் வந்தது 1989இல். அடுத்த ஆண்டு, சிறையிலிருந்து விடுதலையாகிச் சில மாதங்களே ஆன நெல்சன் மண்டேலா இங்கே வரவேற்கப்பட்டார். முதல் பெண் தலைமைப் போதகர் எமி பட்லர் வர 2014 ஆயிற்று. அவரும் 2019இல் சர்ச்சைகளுக்கிடையே விலகினார். 2022இல் அட்ரீன் தோர்ன் தேர்வானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர்.

பேஸ்பால் பெருங்குழுக்களில் நிறத்தடையை 1947இல் உடைத்த ஜாக்கி ராபின்சனுக்கு 1972இல் இறுதி ஆராதனை நடந்தது இங்கேதான். கோயிலைக் கட்டியவரின் மகன் நெல்சன் ராக்ஃபெல்லருக்கு 1979இல் நினைவு ஆராதனை நடந்ததும் இங்கேதான். இருவருக்கும் பொதுவான இடம் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நாட்டில் அத்தகைய இடங்கள் அதிகம் இருக்கவில்லை.

வாசலை விட்டு இறங்கினால் மேற்கே நதியோரப் பூங்கா, பக்கத்தில் ஜெனரல் கிராண்டின் கல்லறை. வடக்கே சரிவில் நடந்தால் பத்து நிமிடத்தில் 125ஆவது தெரு. ஃபோர்மன் கணக்குக் கேட்டது அந்தத் தெருவின் மக்களுக்காகவும்தான். இரும்புப் பாலத்தில் ரயிலுக்குக் காத்திருப்பவர்களுக்குக் கோபுரம் நன்றாகத் தெரிகிறது.