கையெழுத்துப் போடு முன்...

சிவில் இன்ஜினீயரிங் முடித்து வேலைக்குப் போய் நாலே மாதம். அன்று இரவு என் மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்குத் தளம் போடறாங்கம்மா. கம்பிக்கு அடியிலே கவர் பிளாக் சரியா வைக்கலை. பார்த்தாச்சுன்னு கையெழுத்து மட்டும் போடுன்னு சூப்பர்வைசர் சொல்றார்."

'பெரியவங்க பேச்சைக் கேட்டுக்கோயேன்' என்றுதான் எனக்கு முதலில் வாயில் வந்தது. கிடைத்த வேலை போய்விட்டால்?

அவள் எங்கள் ஆதம்பாக்கம் வீட்டு பாத்ரூம் கூரையைக் காட்டினாள். காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கிறது. "கம்பியை மூடற கான்கிரீட் கனம் குறைஞ்சா இதே கதிதான். ஈரம் இறங்கி, கம்பி துருப்பிடிச்சு உப்பி, காரையைத் தள்ளிடும்."

"அப்போ போடாதே" என்றேன்.

விடியற்காலை ஆறு மணிக்கே போய், மேஸ்திரியை "அண்ணே" என்று கூப்பிட்டு, கூடவே குனிந்து நின்று எல்லாவற்றையும் வைக்கச் செய்தாளாம். பிறகுதான் கையெழுத்து. இரண்டு மணி நேரம் தாமதம்!

புதிதாக வேலைக்குப் போகும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால், சகோதரிகளே, இதையும் சொல்லுங்கள்: நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் 1944-ல் சிவில் படித்துத் தேறிய பி.கே. திரேசியா, 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

சூப்பர்வைசர் இன்னும் இவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். மேஸ்திரிதான், "பாப்பா, வந்து ஒருதரம் பார்த்துடு" என்று கூப்பிடுகிறாராம்.