மாமனார் வீட்டு ஃப்ளாஷ்

அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் குப்பை கொட்டுகிறவன் நான். ஒருமுறை பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவி எடுத்தேன் என்கிற ஒரே காரணத்துக்காக, மாமனார் வீட்டில் எனக்குக் 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை' என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. அதன் பலனை 2021 பொங்கலுக்கு மாயவரத்தில் அனுபவித்தேன்.

மாமாவிடம் இருப்பது 2010-ல் வாங்கிய கம்ப்யூட்டர். விண்டோஸ் 7. இன்டர்நெட் கிடையாது. காலையில் ஸ்விட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டு, எஃப்-1 பட்டனை அழுத்தச் சொல்லும். மாமா கோயில் மணியடிப்பது போல பயபக்தியோடு அழுத்துவார்.

எல்லாம் ஒரு சி.டி.க்காக. 2006-ல் நடந்த அறுபதாம் கல்யாண சி.டி. போட்டோகிராபர் புதுமை செய்கிறேன் பேர்வழி என்று, பிரவுசரில் திறக்கிற ஆல்பமாகச் செய்து கொடுத்திருந்தார். படத்தை க்ளிக் செய்தால் வீடியோ ஓடும். ஓட வைப்பது ஃப்ளாஷ் பிளேயர் என்கிற ப்ளக்-இன். பிரவுசருக்குத் தெரியாத சமையலைச் செய்து போட வெளியிலிருந்து வந்த சமையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதில் ஒரு நிமிஷம்கூட ஓடாத ஒரு துண்டு. மாலை மாற்றும்போது அத்தை சிரித்துக்கொண்டே சொல்வார்: "நேராப் போடுங்க. இத்தனை வருஷமாச்சு, இன்னும் கத்துக்கலை!" அத்தை 2017-ல் போய்விட்டார். அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

"மாப்ளே, ரெண்டு நாளா சி.டி. சரியா வரலை. வர்றப்போ பார்த்துருங்க" என்று மாமா போன் செய்தார். என்ன வரவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். டாக்டராக இருந்தால் கேட்டிருப்பேன். நான் மாப்பிள்ளை ஆயிற்றே!

ஜனவரி 13, போகி. தெருவே பழசை எறிந்துகொண்டிருந்தது. நானும் எறிந்தேன். கம்ப்யூட்டர் கடிகாரம் 1-1-2010 என்று காட்டியது. "மாமா, இது 2021!" என்று பெருமையாகத் திருத்தினேன். அடுத்து, பழைய ஃப்ளாஷை வேரோடு பிடுங்கினேன். டிசம்பரில் ஆபீஸில் இறக்கி பென் டிரைவில் வைத்திருந்த கடைசிப் பதிப்பைப் போட்டேன். 'வெற்றி' என்றது. ஆல்பத்தைத் திறந்தால் ஒன்றுமில்லை. நான் போட்டது ஃபயர்ஃபாக்ஸுக்கான ரகம். மாமாவுடையது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். அதற்கு ஆக்டிவ்-எக்ஸ் ரகம் வேண்டும். நல்லவேளை, பென் டிரைவில் அதுவும் இருந்தது. பிரவுசரை மூடி, அதைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து திறந்தேன். அத்தை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம். நடுவில் வட்டத்துக்குள் ஒரு 'ஐ'.

மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவை போட்டேன். அதே 'ஐ'. மாமா ஒன்றும் சொல்லவில்லை. "விடுங்க மாப்ளே, சாப்பிட வாங்க" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ராத்திரி மொட்டை மாடியில் செல்போனில் தேடியபோதுதான் விஷயம் புரிந்தது. 1996-ல் பிறந்த ஃப்ளாஷை மூடப்போவதாக அடோபி நிறுவனம் 2017-லேயே அறிவித்து, 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. கடைசிப் பதிப்புகளுக்குள் ஒரு தேதியும் எழுதி வைத்திருந்தார்கள்: 2021 ஜனவரி 12. அன்றிலிருந்து படம் காட்டாது. பாதுகாப்பு ஓட்டைகள் நிறைந்த சரக்கு, இன்டர்நெட்டில் உலவ விடக்கூடாது என்பது நியாயம்தான். தென்னாப்பிரிக்காவின் வரித்துறையே தன் ஃப்ளாஷ் படிவங்களுக்காகத் தனி பிரவுசர் வெளியிட வேண்டியதாயிற்றாம்! ஆனால் மாமாவிடம் இருந்த பழைய ஃப்ளாஷுக்குத் தேதி பார்க்கிற புத்தியே கிடையாது. ஓடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கிவிட்டு, ஒரு நாள் முன்பு செத்ததைக் கொண்டு வந்து வைத்தவன் நான். அத்தையை இரண்டாம் தடவை அனுப்பிவைத்த மாதிரி இருந்தது. தூக்கம் வரவில்லை.

காலையில் பொங்கல் பானை பொங்குவதற்குள் "மாப்ளே!" என்று சத்தம். ஓடினேன். திரையில் அத்தை! மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மர்மம் இதுதான். மதர்போர்டில் பட்டன் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது எப்போதோ உயிரை விட்டிருந்தது. ராத்திரி மாமா மெயினை அணைத்ததும் கம்ப்யூட்டர் தேதியை மறந்து, காலையில் மறுபடி 2010 ஜனவரி 1-ல் கண் விழித்தது. எஃப்-1 முணுமுணுப்பும் அந்தப் பேட்டரிக்கான புலம்பல்தான். 2010-ல் இருக்கிற மெஷினுக்கு ஃப்ளாஷ் செத்தது எப்படித் தெரியும்? 

ஆனால் அத்தையின் உதடு அசைந்ததே தவிர, சத்தம் வரவில்லை.

என் மனைவி குனிந்து பின்பக்கம் பார்த்தாள். வெள்ளையடிக்க மேஜையை நகர்த்தியபோது கழன்ற ஸ்பீக்கர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை ஓட்டையில் செருகினாள். "அப்பா, ரெண்டு நாளா வராதது இதுதானே?"

"ஆமா, சத்தம் மட்டும்தான் வரலை. மாப்ளே கேக்கவே இல்லையே."

அன்றே சி.டி.யைக் குடைந்து வீடியோ கோப்பைத் தனியே எடுத்தேன். வி.எல்.சி. பிளேயரில் ஃப்ளாஷ் இல்லாமலே ஓடுகிறது. இப்போது எல்லோர் செல்போனிலும் அத்தை இருக்கிறார். புது பேட்டரி வாங்கித் தரட்டுமா என்றதற்கு மாமா, "அதுக்குத் தேதி தெரிஞ்சு என்னாகப் போவுது?" என்று சொல்லிவிட்டார்.

அன்று ஸ்பீக்கரில் குரல் வந்தது: "நேராப் போடுங்க..."

மாமா தன்னையறியாமல் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டார்.