செப்புக் காசின் சாட்சி

கொல்லிமலையில் சோளக்காட்டுச் சந்தைக்குப் போனால், பலாவையும் மிளகையும் விட்டு என் கண் கைமாறும் சில்லறை மேல் போய்விடும். ஓர் அரசை ஏழை கையில் தொட்டுப் பார்த்தது சில்லறையில்தான். பொன் கஜானாவுக்குப் போனது. உப்புக்கும் எண்ணெய்க்கும் செம்புதான்.

டெல்லி சுல்தான் முகமது பின் துக்ளக் செம்பிடம் அதற்கு மீறிய வேலையைக் கேட்டார். 1329-30-இல் செம்பு, பித்தளைக் காசுகளை வெள்ளித் தங்காவின் மதிப்புக்கு வாங்கிக்கொள்ளும்படி ஆணையிட்டார். வீடுகளிலேயே கள்ளக் காசு அடித்தார்கள். கடைசியில் கஜானா வெள்ளி கொடுத்து அவற்றைத் திரும்ப வாங்கியது. துக்ளகாபாதில் அவை மலையாகக் குவிந்ததாக வரலாற்றாசிரியர் பரணி எழுதியிருக்கிறார்.

அந்த துக்ளக்கின் ஆளாக மதுரையில் இருந்த ஜலாலுதீன் அசன் ஷா 1335-இல் தனி சுல்தானாகித் தன் பெயரில் காசு அடித்தார். அவர் மகளை மணந்தவர் பயணி இபின் பதூதா. பின்னால் வந்த கியாசுதீனும் அசன் ஷாவின் மருமகன்தான். உறவென்று பாராமல் கியாசுதீனின் கொடுமைகளை இபின் பதூதா எழுதிவைத்தார். அடுத்து வந்த நசிருதீன் காலத்தில் இபின் பதூதா கிளம்பிவிட்டார். அதன்பின் அந்த அரண்மனைக்குள் இருந்து நமக்குச் சொல்ல ஆளில்லை.

செப்புக் காசுகள்தான் சொல்கின்றன. அவையும் 1344 முதல் 1356 வரை கிடைக்கவில்லை. அந்த 12 ஆண்டு மௌனம் என்னை விடுவதில்லை. யார் ஆண்டார், சந்தையில் எதைக் கொடுத்து எதை வாங்கினார்கள்? பிறகு ஆதில் ஷா, முபாரக் ஷா, சிக்கந்தர் ஷா என்று பெயர்கள் வருகின்றன. காசு இல்லையென்றால் இவர்களை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். விஜயநகரத்துக் குமார கம்பணர் மதுரையை வென்ற பிறகும் சிக்கந்தர் பெயரில் 1377-78 வரை காசு வந்தது. வெற்றியின் கதையை மட்டும் படித்தவர்களுக்கு இது தெரியாது.

அந்தக் காசுகளில் இருந்தது அரபு எழுத்து. நம் உழவர் அதைப் படித்திருக்க மாட்டார்; எடை பார்த்து வாங்கியிருப்பார். நானூறு ஆண்டு கழித்து, 1792 வரை சேலம் சீமை மைசூர் வசம் இருந்தபோது, திப்பு சுல்தானின் செப்புக் காசில் யானை நின்றது. எழுத்தறியாதவருக்கும் அது யாருடைய காசு என்று தெரிந்தது. சத்தியமங்கலத்திலேகூட அதற்கு ஓர் அக்கசாலை இருந்தது.

பழைய செப்புக் காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். ஆண்டு மேல்தோலில்தான் இருக்கும். தேய்த்தால் முதலில் போவது அதுதான்.