விலை உறுதி, வேலை?

எங்கள் காலனி வீடு இந்திரா ஆவாஸ் யோஜனாவில் கட்டியது. 1985இல் தொடங்கியபோது அத்திட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்குமானது. இப்போது மேல்தளத்தில் கம்பி துருப்பிடித்து, காரை பெயர்ந்து விழுகிறது. ஒரு நிறுவனம் ‘ஒரே விலையில் வீடு புதுசு’ என்று பேக்கேஜ் கொடுக்கிறது. வாங்கலாமா?

தாளை வரி விடாமல் படித்தோம். டைல்ஸ், பெயின்ட், ஃபால்ஸ் சீலிங் உண்டு. துருவைச் சுரண்டிப் பூசுவதும் ஒழுகலை அடைப்பதும் ‘தனிக் கட்டணம்’. ஆக, நம் தலையில் விழப்போவதை அழகாக மூடுவதற்குத்தான் அந்த விலை. மூடிவிட்டால் விரிசல்கூடக் கண்ணில் படாது.

இன்னொன்றும் கேட்டோம்: சிமென்ட் விலை ஏறினால் யார் தாங்குவது? விலை மாறாது என்றால் கலவையில் குறையும். இல்லாவிட்டால் சித்தாள் கூலியில் குறையும். அந்தச் சித்தாள் பெரும்பாலும் நம் தெருப் பெண்தான்.

பேக்கேஜ் வேண்டாம் என முடிவெடுத்தோம். முதலில் மேல்தளம். எங்கள் தெருக் கொத்தனாரிடம் வேலைவாரியாக அளவும் கூலியும் எழுதி வாங்கி, முடிய முடியப் பணம் தருகிறோம். டைல்ஸ் காத்திருக்கட்டும்.

தோழர்களே, இப்படியொரு தாள் உங்கள் வீட்டுக்கும் வரும். விலைக்கு முன்னால், ‘இதில் சேராதவை’ என்ற பகுதியைப் படியுங்கள்.