நீல லைற்

எங்கட காரில் சூடு காட்டுற முள் இல்லை. டாஷ்போர்ட்டில் இரண்டு சின்ன லைற் மட்டும்தான். எஞ்சின் சூடு மிஞ்சினால் சிவப்பு. எஞ்சின் இன்னும் குளிர்ந்துபோய் இருந்தால் நீலம். சிவப்பைப் பற்றி அப்பாவுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நீலத்தைத்தான் அவர் வேறு மாதிரி விளங்கி வைத்திருந்தார்.

"நீலம் எரிஞ்சா எஞ்சின் குளிர்ச்சியா இருக்கு பிள்ளை. பயமில்லை."

அப்பா மல்லாகத்தில் ஹயர் ஓடுறவர். எங்கட வீட்டு அடுப்பு எரியிறது அந்தச் சின்ன ஜப்பான் காரால்தான். 2021இல் ஒருநாள் சிவப்பு லைற் எரிந்து, பொனற்றால் ஆவி கிளம்பி, காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஒரு கராஜுக்குப் போனார்கள். "எங்கட வெயிலுக்கு இது தேவையில்லை அண்ணை" என்று தேர்மோஸ்ரற்றைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்கள். ஃபானையும் டிரெக்ற் பண்ணிவிட்டார்கள். திறப்பைத் திருப்பினால் சுற்றத் தொடங்கும், நிப்பாட்டும் வரை சுற்றும். அதுக்குப் பிறகு சிவப்பு எரியவில்லை. நீலம்தான் எரிந்தது. மழை நாளென்றால் யாழ்ப்பாணம் போய்ச் சேரும் வரைக்கும் எரிந்தது.

2022 ஆவணி. நான் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். கியூஆர் வந்திருந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், பெற்றோல் ஒரு லீற்றர் 450 ரூபா. எங்கட ஒழுங்கையில் ஒரு அம்மம்மா இருக்கிறா. கிழமைக்கு இரண்டு தரம் இரத்தச் சுத்திகரிப்புக்கு யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். ஒரு வியாழக்கிழமை அப்பா அவவின்ர மகளிடம், "நாளைக்கு ஏலாது தங்கச்சி, பெற்றோல் முடிஞ்சுது" என்று சொன்னார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

அடுத்தநாள் அப்பாவின்ர கணக்குக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். முந்தி லீற்றருக்கு 12 கிலோமீற்றருக்கு மேல் ஓடின கார், இப்ப 11 ஓடுது. எப்ப இருந்து? கராஜுக்குப் போய் வந்த மாதத்தில் இருந்து.

காரோடு வந்த கைநூல் முழுக்க ஜப்பானிய மொழி. போனில் படம் பிடித்து, மொழிபெயர்த்து, பிறகு வீடியோக்களும் பார்த்துத்தான் விசயம் பிடிபட்டது. எஞ்சினுக்குக் குளிர்ச்சி தேவையில்லை. அளவான சூடுதான் தேவை, ஏறக்குறைய 90 பாகை. எஞ்சின் அந்தச் சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்குப் போகவிடாமல் மறிக்கிற கதவுதான் தேர்மோஸ்ரற். கதவில்லாவிட்டால் எஞ்சின் சூடேற விடாமல் தண்ணீர் எந்நேரமும் சுற்றும், ஃபானும் சேர்ந்து குளிர்த்தும். காரின் கொம்பியூட்டரோ "எஞ்சின் இன்னும் சூடேறேல்லை" என்று நினைத்துக் கூடுதலாகப் பெற்றோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அப்பா நம்பவில்லை. "அது பழுதெண்டுதானே கழட்டினவங்கள்."

அவர் அதை எறியாமல் லாச்சிக்குள் வைத்திருந்தார். நூலில் கட்டி, அம்மாவின் சட்டிக்குள் தண்ணீர் விட்டு, அடுப்பில் வைத்தேன். மூன்று பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் கொதிக்க முந்தியே அது மெல்ல வாய் திறந்தது. வெளியே எடுக்க, ஆறி, மூடிக்கொண்டது. பழுதே இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சட்டியை மட்டும் இறக்கி வைத்தார்.

அப்ப அந்தநாள் கார் ஏன் கொதித்தது? வேறொரு கராஜில் ரேடியேற்றரைக் கழற்றினபோதுதான் தெரிந்தது. உள்ளே வெள்ளைப் படிவு. எங்கட கேத்திலின் அடியில் இருக்கிற அதே சுண்ணாம்பு. அப்பா வருசக்கணக்காக ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். மூடியின் ரப்பரும் வெடித்திருந்தது. அந்த மூடி உள்ளே அமுக்கத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் 100 பாகையிலும் கொதிக்காமல் நிற்கும். சூடான எஞ்சினில் அதைத் திறக்கக்கூடாது என்பதும் அதனால்தான்.

"தங்கச்சி இஞ்சினியரிங்கோ?" என்று மெக்கானிக் கேட்டார். "இல்லை, ஆர்ட்ஸ்." சிரித்தார். ஆனால் நான் கேட்ட எல்லாத்துக்கும் பதில் சொன்னார். ரேடியேற்றரைக் கழுவி, புது மூடி, கூலன்ற், அதே பழைய தேர்மோஸ்ரற். ஃபானையும் பழையபடி சென்சருக்கு மாற்றினார்.

வீட்டு முற்றத்தில் பொனற்றைத் திறந்துவைத்துக் காரை ஸ்டார்ட் பண்ணினோம். ஃபான் சுற்றவில்லை. கொஞ்ச நேரத்தில் நீலம் அணைந்தது. அப்பவும் ஃபான் அசையவில்லை. அப்பாவின்ர கை திறப்பிலேயே இருந்தது. "கொதிக்கப்போகுது பிள்ளை, நிப்பாட்டுவம்." "கொஞ்சம் பொறுங்கோ அப்பா." எனக்கும் உள்ளுக்குள் நடுக்கம்தான். பிழைத்தால் போவது வீட்டின்ர உழைப்பு. பத்து நிமிடம் இருக்கும். பிறகு தானாக ஃபான் சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, தானாகவே நின்றது. அப்பா திறப்பில் இருந்து கையை எடுத்தார்.

அடுத்த கிழமைகளில் கொப்பியை நான்தான் எழுதினேன். லீற்றருக்கு 12.2. 20 லீற்றருக்குக் கூட ஓடியது 24 கிலோமீற்றர். பெரிய கணக்கில்லை. மல்லாகத்தில் இருந்து யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா போய்வாற தூரம்.

உங்கட வீட்டுக் காரிலும் நீலம் அணையாமல் எரிந்தால், குளிர்ச்சி என்று விட்டுவிடாதேங்கோ. ஒருக்கா கேளுங்கோ.